சரியாக இரண்டு மணிக்கு ஒரு மரணம்!

“பிணம் எங்கே?”

மூன்றாவது மாடி வாசலில் மூச்சு வாங்க நின்றபடி கேட்டார் இன்ஸ்பெக்டர் ஃப்ளூரி.

“ஷேவ் பண்ணிட்டிருக்கார்,” என்றாள் ஹெடி.

தொப்பியைக் கழற்றப் போன ஃப்ளூரியின் கை பாதி வழியில் நின்றது.

“யாரு?”

“நீங்க கேட்டவர்தான். என் புருஷன். இரண்டு மணிக்குத்தான் சாகப்போறார். இன்னும் அம்பது நிமிஷம் இருக்கு. நீங்க ஏன் இவ்வளவு சீக்கிரம்...? சரி, சரி. மிதியடியில காலைத் துடைச்சுட்டு உள்ளே வாங்க.”

இன்ஸ்பெக்டர் காலைத் துடைத்தார். அழுத்தி, இரண்டு தடவை.

கொலை விசாரணைக்கே வந்திருந்தாலும், ஹெடி ஸ்டுக்கியின் வீட்டில் முதல் சட்டம் அதுதான்.

சமையலறை மேஜையில் இர்மா உட்கார்ந்திருந்தாள். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. இப்போது, சாவைத் தாங்களே தேர்ந்தெடுத்தவர்களுக்குக் கடைசி மணி நேரத்தில் துணையிருக்கும் சங்கத்தின் தொண்டர். அவள் முன்னால் ஒரு நீலக் கோப்பு. இரண்டு பேனா. மூடி போட்ட கோப்பையில் மருந்து. அதன் கசப்புக்கு ஒரு சாக்லேட்.

போலீஸ் உடுப்பைப் பார்த்ததும் இர்மா துள்ளி எழுந்தாள்.

“சார்! நீங்க பதினோராவது படி! நாங்க இப்போ நாலாவது படியிலதான் இருக்கோம்!”

“என்ன படி?”

“இதோ பாருங்க, படிவம். நாலு, குடும்பத்தாரோட பேச்சு. ஒன்பது, குடித்தல். பத்து, காத்திருத்தல். பதினொண்ணு, போலீஸ்! சட்டப்படிதான் செத்தாரான்னு பார்க்க, செத்த பிறகு வருவீங்க. இருபது வருஷமா அப்படித்தான் வர்றீங்க. உயிரோட இருக்கறப்பவே வந்த போலீஸ் நீங்கதான் முதல்!”

“அம்மா, நான் பதினொண்ணுக்கு வரலை. அதுக்குள்ள முடிஞ்சிருக்குமோன்னு பயந்துதான் பிணம் எங்கேன்னு கேட்டேன்.”

ஃப்ளூரி சட்டைப் பையிலிருந்து ஒரு உறையை எடுத்தார். மேஜை மேல் வைத்தார்.

“இதுக்கு வந்தேன்!”

ஹெடி அந்த உறையைப் பார்த்தாள். டைப் அடித்த விலாசம். அனுப்பியவர் பெயர் இல்லை.

மொட்டைக் கடிதம்...!

“ஹெடி ஸ்டுக்கி நீங்கதானே?”

“ஆமா.”

“உங்க மேல புகார் வந்திருக்கு. நோயாளி சாகறதுக்கு உதவி பண்ணலாம். அதுக்கு இந்த நாட்டுல தடை இல்லை. ஆனா ஒரு நிபந்தனை. உதவி பண்றவங்களுக்குத் தன்னலம் இருக்கக் கூடாது. இருந்தா அது குற்றம். அஞ்சு வருஷம் வரைக்கும் உள்ளே!”

“தன்னலமா? எனக்கா?”

“அப்படித்தான் எழுதியிருக்கு. விசாரிச்சு முடிக்கற வரைக்கும் யாரும் எதையும் குடிக்கக் கூடாது.”

“காப்பி?”

“...காப்பி குடிக்கலாம்.”

ஹெடி காப்பி வைத்தாள். கரண்டி இரண்டு தடவை கீழே விழுந்தது.

“ஒருவேளை தன்னலம்னு நீங்க எழுதிட்டா?” இர்மா கேட்டாள்.

“இன்னிக்கு நடக்காது.”

“அப்போ நான் மருந்தைத் திருப்பிக் கொடுக்கணும். டாக்டர் புதுசாப் பரிசோதிக்கணும். புதுச் சீட்டு எழுதணும். அடுத்த தேதி கிடைக்கக் குறைஞ்சது ஆறு வாரம்!”

ஆறு வாரம்.

ஹெடி நாள்காட்டியைப் பார்த்தாள்.

அவள் கணவர் கோனிக்கு வந்திருந்தது, நரம்புகள் ஒவ்வொன்றாக வேலைநிறுத்தம் செய்கிற நோய். முதலில் இடது கால். அப்புறம் வலது கால். போன கிறிஸ்துமஸுக்கு இடது கை. மிச்சமிருந்தது வலது கை மட்டும்தான். அதிலும் மூன்று விரல்கள்தான் ஒழுங்காகச் சொன்ன பேச்சைக் கேட்டன.

சட்டமோ கறார். கோப்பையை அவரே எடுக்க வேண்டும். அவரே குடிக்க வேண்டும். இன்னொருவர் கை சேர்ந்தால், அதற்குப் பெயர் கொலை.

அந்த மூன்று விரல்கள் ஆறு வாரம் தாங்குமா?

மார்ச் மாதத்தில் ஒரு நாள், சூப் ஊட்டிக்கொண்டிருந்தபோது கோனி கேட்டார். “ஹெடி, நான் போறேன்னு சொன்னா நீ குறுக்கே நிக்க மாட்டியே?”

“நிக்க மாட்டேன்,” என்று சொல்லிவிட்டாள்.

சொன்ன அந்த நிமிடத்திலிருந்து, குறுக்கே நிற்க வேண்டும் போலத்தான் அவளுக்கு இருந்தது. மாடிப்படியில், கடையில், சலவை அறையில், எங்கே நின்றாலும். போகாதே என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லவில்லை. சொன்னால் சொல் தவறியவள் ஆகிவிடுவாளே!

இப்போது ஒரு மொட்டைக் கடிதம் அவளுக்காகக் குறுக்கே வந்து நிற்கிறது. அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. வெட்கமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தின் தலையில் ஒரு தட்டுத் தட்டி உட்கார வைத்தாள்.

வாக்கு வாக்குதான். புருஷன் ஆசைப்பட்டபடி இரண்டு மணிக்கே சாக வேண்டும். அதற்கு அவள் உத்தமி என்று நிரூபித்தாக வேண்டும்!

“படிங்க சார்,” என்றாள். “என்ன எழுதியிருக்கு?”

ஃப்ளூரி தொண்டையைச் செருமினார்.

“மதிப்பிற்குரிய காவல்துறைக்கு. கோன்ராட் ஸ்டுக்கி என்பவர் வரும் வியாழன் இரண்டு மணிக்குச் சாக, அவர் மனைவி ஹெடி உதவப் போகிறார். அன்பினால் அல்ல! தன்னலத்தினால்! ஆதாரம் ஒன்று. வெள்ளி, சனி என இரண்டு நாள் தொடர்ச்சியாகச் சலவை அறையைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்.”

ஃப்ளூரி நிறுத்தினார். அவர் முகம் இறுகியது.

“இரண்டு நாளா... தொடர்ச்சியாவா?”

இர்மாவும் திரும்பிப் பார்த்தாள். அவள் பார்வையிலும் ஒரு சந்தேகம்!

பதினெட்டுக் குடித்தனம், ஒரே சலவை அறை. ஆளுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஒரு நாள். இந்த ஊரில் வங்கியைக் கொள்ளையடித்தவனோடுகூட மறுபடி பேசிவிடுவார்கள். அடுத்தவர் சலவை நாளில் கை வைத்தவனோடு பேச மாட்டார்கள்.

“சார், சாவுக்குக் கூர் பட்டணத்துல இருந்து அவர் தங்கச்சி குடும்பம் வருது. ஆறு பேர்! ஆறு படுக்கை விரிப்பு, ஆறு தலையணை உறை! ஒரு நாள்ல துவைச்சு எப்படிக் காயும்? இதுவா தன்னலம்?”

“ஆதாரம் இரண்டு. கணவரின் பழைய பத்திரிகைகளை, அவர் உயிரோடு இருக்கும்போதே, கயிறு போட்டுக் கட்டி வெளியே வைத்துவிட்டார்.”

“இன்னிக்குத்தானே சார் பழைய பேப்பர் வண்டி வர்ற நாள்! அடுத்தது அடுத்த மாசம். அவரே கட்டச் சொன்னார். முடிச்சு சரியில்லைன்னு இரண்டு தடவை அவிழ்த்துக் கட்ட வெச்சார்!”

“அது நம்பற மாதிரிதான் இருக்கு,” ஃப்ளூரி குறித்துக்கொண்டார். “ஆதாரம் மூன்று. செவ்வாய்க்கிழமைச் சீட்டாட்டத்தில் கணவரின் நாற்காலிக்கு இப்போதே வேறு ஆள் பிடித்துவிட்டார்.”

ஹெடி வாயைத் திறந்தாள்...

‘டிங் டாங்!’

வாசல் மணி!

கதவைத் திறந்தால், ஃப்ரீடா ஹௌசர். தரைத் தளத்துக்காரி. சலவை அறைச் சாவிக்கு முப்பது வருடமாக ஒரே அதிபதி. கையில் சாவி, கூடவே மூடி போட்ட ஒரு பாத்திரம்.

“ஹெடி, நாளைக்குக் காலையில ஏழு மணியிலிருந்து மெஷின் உனக்கு. இந்தா, மக்ரோனி. இன்னிக்கு நீ சமைக்க மாட்டேன்னு... அய்யய்யோ, போலீஸ்! முடிஞ்சிருச்சா?”

“முடியலை!” ஹெடியின் குரல் கிறீச்சிட்டது. “முடிய விடாமப் பண்ணினவ நீதானே!”

“நானா?”

“சலவை அறை யார் யாருக்குன்னு தெரிஞ்சவ நீ! சீட்டாட்டத்துல அவர் இடத்துக்கு வந்தவ நீ! மொட்டைக் கடுதாசி எழுதினவளும் நீ!”

ஃப்ரீடா பாத்திரத்தை ‘ணங்’ என்று கீழே வைத்தாள். இடுப்பில் கை வைத்தாள்.

“ஏய் ஹெடி! முப்பது வருஷமா வாஷிங் மெஷின் மேல சீட்டு ஒட்டறேன். மெஷின்ல தேங்கற பஞ்சை எடு, தரையைத் துடை, அடுத்தவ சாக்ஸைத் திருடாதே. ஒண்ணுலயாவது கீழே என் பேர் இல்லாம இருந்துச்சா? திட்டறதுன்னா நான் கையெழுத்துப் போட்டுத் திட்டறவ!”

ஹெடி யோசித்தாள்.

உண்மை. தேதிகூடப் போடுவாள்.

“சீட்டாட்ட விஷயம்?” ஃப்ளூரி விடவில்லை.

“அதுவா? கோனியே கூப்பிட்டார். ‘என் நாற்காலி சும்மா கிடந்தா மத்த மூணு பேரும் பேச்சுல இறங்கிடுவாங்க. நீ வந்து உட்காரு’ன்னார். நாலு வாரம் பக்கத்துல இருந்து சொல்லிக் கொடுத்தார். சொல்லிக் கொடுத்ததை விடத் திட்டினதுதான் ஜாஸ்தி!”

ஃப்ளூரி பேனாவை மூடினார். மறுபடி திறந்தார். தலையைச் சொறிந்தார்.

“சரி. இப்போ... சாகப்போறவரையே விசாரிச்சுடறேன்!”

சொல்லி வைத்தாற்போல் குளியலறைக் கதவு திறந்தது.

‘ர்ர்ர்ர்...’

மோட்டார் சக்கர நாற்காலியில் கோனி வந்தார். நாற்பத்தொரு வருடம் தபால் நிலையத்தில் இருந்தவர், அதில் பாதி தபால் அதிகாரியாக. வெள்ளைச் சட்டை. ஹெடி காலையில் தேய்த்துக் கொடுத்தது. தாடையில் ஒரு சின்ன வெட்டு, அதன்மேல் ஒட்டிய துண்டுக் காகிதம். மூன்று விரலில் பிடித்து, யாரையும் கிட்டே விடாமல், தானே செய்துகொண்ட ஷேவ்.

அந்தக் காலர் மடிப்பையும் அந்தத் துண்டுக் காகிதத்தையும் ஹெடி பிற்பாடு வெகு காலம் தனியாக நினைத்துக்கொண்டிருப்பாள். அப்போது நினைக்க நேரமில்லை.

ஏனென்றால், போலீஸைப் பார்த்ததும் கோனியின் முகம் மலர்ந்தது!

“வந்துட்டீங்களா சார்!”

“வந்துட்டேன். உங்க மனைவி மேல புகார். அவங்களுக்குத் தன்னலம் உண்டுன்னு. நீங்க என்ன சொல்றீங்க?”

ஹெடி நிம்மதியாக மூச்சு விட்டாள். நாற்பத்தேழு வருடப் புருஷன். இப்போது சொல்வார் பாருங்கள்...

“ஆமா சார்,” என்றார் கோனி. “மகா தன்னலக்காரி. எழுதிக்கோங்க!”

“கோனி!”

“ரொட்டி வாங்கினா மொறுமொறுன்னு இருக்கற முனைத் துண்டு இரண்டு உண்டு இல்லையா? ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம். நாற்பத்தேழு வருஷமா இரண்டையும் அவதான் தின்னுக்கறா!”

“நீதானே பல்லுக்கு ஆகலைன்னே!”

“தொண்ணூத்தாறுல ஒரு தடவை சொன்னேன். அப்புறம் பல்லு சரியாயிடுச்சு. நீ கேட்டியா? ஜனவரி மாசம் ஜன்னலைத் திறந்து வெச்சுட்டுத் தூங்கறா சார். ஜன்னல் பக்கம் யாரு? நான்!”

“யோவ் கோனி, உனக்கு என்னய்யா ஆச்சு?” ஹெடியின் கண்ணில் நீர் முட்டியது. “உனக்காகத்தானே இங்கே போராடிட்டிருக்கேன்! நீ நெனச்சபடி நடக்கணும்னுதானே!”

“போராடாதே,” என்றார் கோனி, அவள் முகத்தைப் பார்க்காமல். “சார், இது போதுமா? நிறுத்திடலாமா?”

ஃப்ளூரி பெருமூச்சு விட்டார்.

“இது தன்னலம்தான் சார். ஆனா சட்டம் சொல்ற தன்னலம் வேற. சொத்துக்கு ஆசைப்படறது, இன்சூரன்ஸ், கள்ளக்காதல்... இந்த மாதிரி.”

“கள்ளக்காதலா?” கோனி நிமிர்ந்தார். “இருக்கலாம் சார்! ரொட்டிக் கடைக்காரன் இவளைப் பார்த்தா எப்பவும் இரண்டு பன் கூடுதலாப் போடுவான்!”

“அவனுக்கு எண்பத்து மூணு வயசுய்யா!”

“வயசு என்ன செய்யும்? எனக்கும்தான் எழுபத்தெட்டு!”

ஃப்ரீடா சிரிப்பை அடக்க முடியாமல் மக்ரோனிப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

ஃப்ளூரி எழுந்தார். நோட்டை மூடினார்.

“போதும். நான் பார்த்த வரைக்கும் இந்த அம்மா மேல தப்பு எதுவும் இல்லை. விரிப்பு துவைக்கறாங்க. பேப்பர் கட்டறாங்க. ரொட்டி முனை திங்கறாங்க. போலீஸுக்கு ஆட்சேபணை இல்லை. நீங்க... தொடரலாம்.”

தேவாலய மணி அடித்தது.

ஒன்று...

இரண்டு!

ஹெடி ஜெயித்துவிட்டாள்.

ஜெயித்தவள் நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டாள். உள்ளே உட்கார வைத்திருந்த அந்தச் சந்தோஷம் எழுந்து ‘போகாதே’ என்று கத்தப் பார்த்தது. உதட்டைக் கடித்தாள்.

இர்மா எழுந்தாள். குரல் மென்மையாகிவிட்டது. இப்போது அவள் படிவத்தைப் பார்க்கவில்லை. கோனியின் முன்னால் குனிந்து உட்கார்ந்து, அவர் கண்ணைப் பார்த்தாள்.

“கோனி, நான் கேட்டே ஆகணும். இந்தக் கோப்பையில இருக்கறதைக் குடிச்சா என்ன ஆகும்னு தெரியுமா?”

“செத்துப்போவேன்.”

“அதுதான் உங்களுக்கு வேணுமா?”



கோனியின் கண்கள் கோப்பையைப் பார்த்தன. ஹெடியைப் பார்த்தன. கடைசியாக, தொப்பியைப் போட்டுக்கொண்டிருந்த ஃப்ளூரியைப் பார்த்தன... கெஞ்சுவதைப்போல!

“சார், நீங்க இன்னும் சரியா விசாரிக்கலை...”

“போதும் சார்! காலையிலேருந்து சாப்பிடக்கூட இல்லை. இந்தக் கடுதாசி இன்னிக்குக் காலையிலதான் என் கைக்கு வந்தது. பதறியடிச்சு ஓடி வந்தா...”

“என்னது? இன்னிக்கா?!”

கோனியின் குரல் இடி போல விழுந்தது. அவ்வளவு சத்தம் அந்த நெஞ்சுக்குள் இருக்கும் என்று ஹெடிக்கே தெரியாது.

“எப்படி இன்னிக்கு வரும்? சனிக்கிழமை காலையில பெட்டியில போட்டது! பி-போஸ்ட், மெதுவான தபால்! மூணு வேலை நாள்! திங்கள், செவ்வாய், புதன்! நேத்தே வந்திருக்கணும்! என் காலத்துல இப்படி ஒரு...”

நிறுத்தினார்.

நிறுத்தினது லேட்!



ஃப்ளூரி மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார்.

“சார்...” என்றார். “இது சனிக்கிழமை போட்டதுன்னு உங்களுக்கு யார் சொன்னா?”

கோனி தன் மூன்று விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

“நேத்தே வந்துருச்சா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.”

“நேத்தே வந்துருச்சு. நான்தான் நேத்து லீவு.”

“அதானே பார்த்தேன்,” என்றார் கோனி, ரொம்ப நிம்மதியாக. “தபால்ல தப்பு வராது.”

ஹெடி உறையை எடுத்தாள். தபால் தலையைப் பார்த்தாள். டைப் அடித்த எழுத்துகளைப் பார்த்தாள். வலது கையின் ஒற்றை விரலால், ஒவ்வொன்றாக, எத்தனை நேரம் பிடித்திருக்கும்?

“நீயா... கோனி?”

கோனி தலையைக் குனிந்துகொண்டார்.

“சனிக்கிழமை காலையில கட்டுக் கடுதாசி குடுத்து என்னை அனுப்பினியே... அதுல ஒண்ணா இது? என் மேல புகாரை என் கையாலேயே பெட்டியில போட வெச்சியா?”

“நீ விலாசத்தைப் பார்க்க மாட்டியான்னு ஒரு பயம் இருந்துச்சு.”

“பார்த்தேன்! போலீஸ்னு இருந்துச்சு! நீதான் வாரா வாரம் நடைபாதையில நிக்கற காரைப் பத்தி எழுதறியே! அதுன்னு நெனச்சேன்!”

“நேத்து முழுக்க வாசலையே பார்த்துட்டிருந்தியே...” என்றாள் பிறகு, சன்னமாக. “நான் என்னென்னமோ நெனச்சேன். சாவு வர்றதைப் பார்க்கறேன்னு நெனச்சேன்.”

“போலீஸ் வர்றாங்களான்னு பார்த்தேன்.”

“ஏன்யா? வாயைத் திறந்து சொல்லக் கூடாதா? எனக்குச் சாக வேண்டாம்னு!”

“எப்படிச் சொல்றது?” கோனிக்குக் கோபம் வந்துவிட்டது. “தேதி குறிச்சாச்சு! டாக்டர் இரண்டு தடவை வந்தாச்சு. இர்மா அம்மா பாட்டுக் குழு ஒத்திகையை விட்டுட்டு வந்திருக்காங்க. என் தங்கச்சி ஆறு பேருக்கு ரயில்ல இடம் போட்டுட்டா. நீ... நீ சலவை அறையையே பதிவு பண்ணிட்டே! இதுக்கப்புறம் ஒரு மனுஷன் எந்த முகத்தை வெச்சுட்டு ‘மன்னிக்கணும், எனக்கு வசதிப்படாது’ன்னு சொல்லுவான்?”

அந்தச் சமையலறையில் இருந்த மற்ற நால்வரும், ஒருவர் பாக்கியில்லாமல், ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். இரண்டு விநாடி கழித்துத்தான் எதற்கு ஆட்டினோம் என்று உறைத்தது.

“அது மட்டும் இல்லை,” கோனியின் குரல் இறங்கியது. “ராத்திரிக்கு எட்டுத் தடவை என்னைப் புரட்டிப் போடறே. மெலிஞ்சு குச்சி ஆயிட்டே. நான் ‘இருக்கட்டுமா’ன்னு கேட்டா நீ ‘இரு’ன்னுதான் சொல்லுவே. வேற என்ன சொல்லுவே? அதான் உன்னைக் கேட்கலை. சட்டமே வந்து தடுத்துட்டா யாருக்கும் வருத்தம் இல்லை பாரு.”

“என்னை ஜெயிலுக்கு அனுப்பற புகாரை எழுதிட்டு, யாருக்கும் வருத்தம் இல்லையாம்!”

“சலவை அறைக்கெல்லாம் ஜெயில்ல போட மாட்டாங்கன்னு ஒரு கணக்கு.”

ஹெடிக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. இரண்டும் ஒன்றாக வந்து மூக்கு வழியாக வெளியேறின.

“மார்ச்சுலேருந்து...” என்றாள். “குறுக்கே நிக்க மாட்டேன்னு சொன்னேன் பாரு, அன்னிலேருந்து ஒவ்வொரு நாளும் போகாதேன்னு சொல்ல வாய் வரைக்கும் வரும். முழுங்கிடுவேன். நாலு மாசமா முழுங்கறேன்யா!”

“அடிப்பாவி! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“நீ சொல்லியிருக்கலாமே!”

“நீ கேட்டிருக்கலாமே!”

“ஒரு நிமிஷம்!” இர்மா கையை உயர்த்தினாள். நாற்பது குழந்தைகளை அடக்கிய கை. இருவரும் கப்சிப்.

“கோனி, நான் மறுபடி கேட்கறேன். தெளிவாச் சொல்லுங்க. இன்னிக்குச் சாகணுமா?”

கோனி வலது கையைப் பார்த்தார்.

“இன்னிக்கு விட்டா இந்தக் கை போயிடுமே... அப்புறம் நெனச்சாலும் முடியாதே. அந்தப் பயத்துலதான் தேதியே குறிச்சேன்.”

“கை போனா என்ன செய்யறதுன்னு டாக்டர்கிட்ட உட்கார்ந்து பேசலாம். வலியைக் குறைக்க, மூச்சுக்கு உதவ, ராத்திரியில இவங்களுக்குப் பதிலா உங்களைப் புரட்டிப் போட, எல்லாத்துக்கும் ஆள் இருக்காங்க. அது அப்புறம். நான் கேட்டது இன்னிக்கு.”

கோனி ஹெடியைப் பார்த்தார்.

“வேண்டாம்,” என்றார். “இன்னிக்கு வேண்டாம். மக்ரோனி வாசனை வருது.”

இர்மா நீலக் கோப்பைத் திறந்தாள். கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். அங்கே, ஆகக் கீழே, ஒரு சின்னக் கட்டம். ‘மனம் மாறிவிட்டார்.’

“இதுக்குன்னே ஒரு கட்டம் வெச்சிருக்கோம் கோனி! கடைசி வாய் வரைக்கும் வேண்டாம்னு சொல்லலாம். சொன்னா முடிஞ்சுது. யாரும் ஏன்னு கூடக் கேட்க மாட்டோம். போலீஸ் எதுக்கு?”

இரண்டு பேனாவில் நன்றாக எழுதுகிற பேனாவைத் தேர்ந்தெடுத்து, அவ்வளவு பெரிய டிக் போட்டாள். கட்டத்துக்கு வெளியே நாலா பக்கமும் வழிந்தது. மருந்துக் கோப்பையை இறுக மூடிப் பைக்குள் வைத்தாள். சாக்லேட்டை உடைத்து எல்லோருக்கும் கொடுத்தாள். யாரும் பார்க்காதபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஃப்ரீடா தட்டுகளை எடுத்தாள்.

ஹெடி கோனியின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். தாடையில் ஒட்டியிருந்த துண்டுக் காகிதம் அவள் ஏப்ரனில் ஒட்டிக்கொண்டது.

“உயிரைக் காப்பாத்தற கடுதாசி,” அவர் தலைமுடிக்குள் சொன்னாள். “அதுக்குப் போய் பி-போஸ்ட்டா?”

“மூணு நாள்ல போயிடும்னு தெரியும். அப்புறம் எதுக்குக் காசு கூடக் குடுத்து ஏ-போஸ்ட்?”

அப்போதுதான்...

“எல்லாம் சரி,” என்றது ஒரு குரல்.

இன்ஸ்பெக்டர் ஃப்ளூரி!

அவர் உட்காரவில்லை. சாக்லேட்டைத் தின்னவில்லை. நோட்டை மறுபடி திறந்திருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

“குற்றவாளியைப் பிடிக்க வந்தேன். பிடிச்சுட்டேன்.”

“யாரை?” ஹெடி திகைத்தாள்.

“கோன்ராட் ஸ்டுக்கி அவர்களே. நடக்காத குற்றத்தை நடக்கப்போகுதுன்னு தெரிஞ்சே எழுதிப் போட்டு, போலீஸைத் திசை திருப்பியிருக்கீங்க. அது குற்றம். சாகப்போறவர்னா விட்டிருப்பேன். செத்தவர் மேல கேஸ் போட முடியாது. நீங்க இப்போ சாகலை. அதனால எழுதியே ஆகணும். எனக்கு வேற வழியில்லை!”

“சார்! நோயாளி சார்!” ஹெடி பதறினாள். கோனியின் தோளை இறுகப் பற்றினாள். இப்போதுதான் திரும்பக் கிடைத்தவர்! “இப்பத்தான் எனக்குக் கிடைச்சிருக்கார். கூட்டிட்டுப் போயிடாதீங்க சார்!”

“கூட்டிட்டெல்லாம் போகலைம்மா. வழக்கு. விசாரணைக்குக் கூப்பிடுவாங்க. அபராதத்தோட போகலாம். நீதிபதி கோபக்காரரா இருந்தா...”

“இருந்தா?” கோனி கேட்டார். “எவ்வளவு கிடைக்கும்?”

ஃப்ளூரி சங்கடமாகத் தொப்பியைத் திருப்பினார்.

“அதிகபட்சம்... மூணு வருஷம்.”

கோனியின் முகம் விளக்குப் போட்டதுபோல் பிரகாசமானது.

“மூணு வருஷமா!” என்றார். “ஹெடி, கேட்டியா? டாக்டர் பத்தே மாசம்தான் குடுத்தார்!”